காலனிக்கால வீட்டைக் காத்தல்: சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு பார்வை

தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்டு இன்றளவும் காப்பாற்றப்பட்டு வரும் வீடுகளைக் கணக்கெடுக்கப் புகுந்தால், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அங்கே பிறந்த, வாழ்ந்த அல்லது சில நாள் தங்கிய ஒருவரின் பெயரை முன்னிட்டே காக்கப்பட்டிருக்கின்றன என்பது விரைவிலேயே புலப்படும். வீட்டின் சுவர், கூரை, மரவேலை, அதைக் கட்டிய கொத்தரும் தச்சரும், அதில் குடியிருந்து வெளியேறிய பல தலைமுறையினர் ஆகிய யாவும் அந்த ஒரு பெயரின் நிழலில் மறைந்துபோகின்றன. பெயர் வாய்க்காத வீடுகளோ, அவை எவ்வளவு தேர்ந்த கட்டட வேலையாக இருந்தாலும், ஒரு பாகப்பிரிவினையிலோ சாலை விரிவாக்கத்திலோ தடயமின்றி இடிந்துவிடுகின்றன. காவிரியின் இடக்கரையில் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என நீளும் வாய்க்கால் பாசன ஊர்களையும், அவற்றுக்கு வடக்கே நாமக்கல், திருச்செங்கோடு, சேலம் வரை விரியும் மேட்டு நிலத்தையும் தளமாகக் கொண்டு, காலனிக்கால வீடு எவ்வாறு காக்கப்பட்டு வந்துள்ளது, அக்காப்பில் எது நிலைக்கிறது, எது கைவிடப்படுகிறது என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிர்வாக ஏற்பாட்டிலேயே இதற்கான விடையின் ஒரு பகுதி அடங்கியுள்ளது. கோயில், கோட்டை, குகை, கல்வெட்டு போன்றவற்றை ஒன்றிய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் தொல்லியல் துறைகளின் பொறுப்பில் வைக்கின்றன. தலைவர்கள், கவிஞர்கள் ஆகியோரின் நினைவு இல்லங்களும் மணிமண்டபங்களும் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. தொல்லியல் துறையின் கையில் ஒரு கட்டடம் சான்றாகக் கருதப்படுகிறது. அதன் ஒவ்வொரு கல்லும் பழையதா, பின்னால் சேர்ந்ததா என்று கேட்கப்படுகிறது. செய்தித் துறையின் கையில் அதே கட்டடம் ஒரு செய்தியைத் தாங்கும் இடமாகிறது. அங்கே புகைப்படங்கள் வரிசையாக மாட்டப்படுகின்றன, மார்பளவுச் சிலை ஒன்று வைக்கப்படுகிறது, பிறந்தநாளில் மாலை அணிவிக்கப்படுகிறது. இவ்வேலையை அத்துறை பல பத்தாண்டுகளாகத் தவறாமல் செய்து வருகிறது என்பதும், அதனால்தான் பல வீடுகள் இன்று நிற்கின்றன என்பதும் மறுக்கத்தக்கவை அல்ல. ஆயினும் வீட்டை வீடாகப் படிக்கும் பொறுப்பு இந்த ஏற்பாட்டில் எவருக்கும் உரியதாக அமையவில்லை. பழைமைக்குச் சட்டம் பொதுவாக வைக்கும் நூறாண்டு எல்லை இன்னொரு தடையாக இருந்தது. 1920-களிலும் 1930-களிலும் எழுந்த வீடுகள் இப்போதுதான் அந்த எல்லையைத் தொடுகின்றன. அதற்குள் அவற்றில் பல மறைந்துவிட்டன. மரபுக் கட்டடங்களுக்கெனத் தனி ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு 2012-இல் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வர ஒரு பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

சமவெளியின் வரலாற்றைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது இங்கே தேவையாகிறது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகாலும் சேலம், நாமக்கல் பகுதிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. ஆற்றின் மறுகரையில் இருந்த கோயம்புத்தூர்ச் சீமை 1799-இல் திப்பு சுல்தான் வீழும்வரை மைசூரின் வசமே இருந்தது. அந்த ஏழாண்டுக் காலத்தில் காவிரியே இரு அரசுகளுக்கும் இடைப்பட்ட எல்லையாக ஓடியது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி தண்டும் ரயத்துவாரி முறைக்கு இங்குதான் வித்திட்டார்கள். அவர்களுக்கு முன்பே இம்மண்ணில் நீர் மேலாண்மை வேரூன்றியிருந்தது. ஜேடர்பாளையத்தில் காவிரியை மறித்து அணை கட்டி இராஜ வாய்க்காலை வெட்டுவித்தவர் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயகர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த வாய்க்காலும் அதன் கிளைகளும் பாய்ந்த வயல்களில் விளைந்த கரும்பும் வாழையும் வெற்றிலையும்தான் பின்னாளில் கரையோர ஊர்களில் பெரிய வீடுகள் எழக் காரணமாயின. ஆகவே இப்பகுதியின் காலனிக்கால வீடு என்று சொல்லும்போது, ஆங்கிலேயன் கட்டிய வீட்டைவிட, ஆங்கிலேயர் காலத்தில் வாய்க்கால் வருமானத்தால் உள்ளூர்க் குடியானவரும் வணிகரும் கட்டிய வீட்டையே முதலில் எண்ண வேண்டும்.

ஆங்கிலேயர் தமக்கென்று சமவெளியில் கட்டியவை அலுவல் சார்ந்தவை: கச்சேரி, பயணியர் மாளிகை, பொதுப்பணித் துறையின் ஆய்வு மாளிகை, இரயில்வே குடியிருப்பு ஆகியவை. பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் கூரைக் குடிசையின் பெயரிலிருந்து பிறந்தது; தாழ்ந்த கூரையும் நாற்புறமும் தாழ்வாரமும் கொண்ட அந்த உள்ளூர் வடிவத்தை ஆங்கிலேயர் பெருக்கி, உயர்த்தி, தம் ஆட்சி சென்ற நாடுகளுக்கெல்லாம் கொண்டுசென்றனர். வெயிலுக்கு அஞ்சிய அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் மனம் வைத்துக் கட்டிய வீடுகள் சமவெளியில் அமையாமல் மலைமேல் அமைந்தன. சேலம் கலெக்டராக 1820-களில் இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டவராக அறியப்படுகிறார். ஏற்காட்டில் கிரேஞ்ச் என்ற பெயரில் நிற்கும் பழைய தோட்ட வீடு அவர் காலத்தோடு தொடர்புடையது. நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பெத்தக்கல் பங்களா, இடிபாடாகக் கிடந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு, இன்று நீலகிரி வரலாற்றுக் காட்சியகமாக இயங்குகிறது. அவர் 1822-இல் உதகையில் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. இவ்விரண்டு வீடுகளையும் ஒப்பிட்டால் காப்பின் இரு வழிகள் தெளிவாகும்: ஒன்று ஒருவரின் நினைவிடமாக மறுபிறப்பு எடுத்தது, மற்றது தொடர்ந்து ஏதோ ஒரு பயன்பாட்டில் இருந்ததாலேயே தப்பியது.

சமவெளியின் செல்வர் வீட்டைக் கொங்குப் பகுதியில் தொட்டிக்கட்டு வீடு என்பர். நடுவே வானம் பார்த்த முற்றமும், நான்கு புறமும் அதை நோக்கிச் சரியும் கூரையும் இருப்பதால், பெய்யும் மழை நாலா பக்கமும் வழிந்து தொட்டியில் விழுவதுபோல முற்றத்தில் விழும். பெயர்க் காரணம் அதுவே. முன்பக்கம் திண்ணையும் ஆசாரமும், உள்ளே தானியம் சேமிக்கும் அறையும், பின்புறம் பொடக்காலியும் கொண்ட இவ்வமைப்பு கம்பெனி ஆட்சிக்கு முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன்மேல் புதுச் சரக்கு வந்து ஏறியது. 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை இரயில் பாதை நிறைவடைந்ததும், சேலம் இரு கடற்கரைகளோடும் இணைந்தது. பாசல் மிஷன் என்ற கிறித்துவ அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையும், அதைப் பின்பற்றி எழுந்த பிற தொழிற்சாலைகளும் வார்த்த ஓடு அதன்பின் இவ்வூர்களின் கூரைகளை மாற்றியது. அதுவரை குயவர் கையால் வனைந்த, அரைவட்டமாக வளைந்த நாட்டோடுதான் இருந்தது; அது ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பப்படுவது, குரங்கு ஏறினாலும் தேங்காய் விழுந்தாலும் நழுவுவது, ஆண்டுதோறும் பிரித்து வேயப்பட வேண்டியது. மங்களூர் ஓடோ ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும் விளிம்புகள் உடையது, எடை குறைந்தது, ஒரு முறை வேய்ந்தால் பல்லாண்டு நிற்பது. கிராமத்தார் அதைச் சீமை ஓடு என்றார்கள்.

அந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர்க்கு ஒரு சிறு ஆவணம் கிடைக்கிறது. அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் புடைப்பெழுத்தில் பதிந்திருக்கும். சிலவற்றில் நிறுவன முத்திரையும், பாசல் மிஷன் ஓடுகளில் 1865 என்ற தொடக்க ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டை வீடு கட்டிய ஆண்டு என்று எண்ணுவது அடிக்கடி நேரும் பிழை. அது தொழிற்சாலை பிறந்த ஆண்டு மட்டுமே. ஆனால் ஒரே கூரையில் இரண்டு மூன்று தொழிற்சாலைகளின் ஓடுகள் கலந்திருந்தால் கூரை பல முறை பழுதுபார்க்கப்பட்டது தெரியும். மேற்குக் கடற்கரை ஓட்டுக்கு நடுவே உள்ளூர்ச் சூளை ஓடு வந்திருந்தால், குடும்பத்தின் கை எப்போது தளர்ந்தது என்றுகூட ஊகிக்கலாம். வீட்டின் வரலாறு இத்தகைய இடங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றும், பழைய விற்பனைப் பத்திரங்களும், நில அளவைப் பதிவேடுகளும் சொல்லும் கைமாற்றங்களைக் கூரையும் சுவரும் சொல்வனவற்றோடு இணைத்துப் படித்தால், பெயர்பெற்றவர் ஒருவரும் வாழாத வீட்டுக்கும் முழுமையான வரலாறு எழுதிவிட முடியும். அந்த வேலை இப்பகுதியில் இனிமேல்தான் நடக்க வேண்டும்.

பெயரால் காக்கப்பட்ட வீடுகளுக்கு வருவோம். இராஜ வாய்க்கால் தொகுதியின் கடைமடைப் பக்கத்தில் உள்ள மோகனூரில் 1888 அக்டோபர் 19 அன்று பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஓவியராகத் தொடங்கி, 1930-இல் இராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரைக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர், 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனவர், 1972-இல் மறைந்தவர். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு அரசின் நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. நினைவு இல்லத்தை நூலகமாக்கியது நல்ல முடிவு என்றே கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாலையோடு திறக்கப்படும் வீட்டைவிட, நாள்தோறும் செய்தித்தாள் படிக்க நான்கு முதியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கப் பத்து இளைஞர்களும் வரும் வீடு நீண்டநாள் நிற்கும். ஒழுகும் கூரையை அவர்களே முதலில் காண்பார்கள். எனினும் அங்கேயும் பார்வையாளருக்குத் தெரிவிக்கப்படுவது கவிஞரின் வாழ்க்கை மட்டுமே. தூரிகை பிடித்துப் பிழைத்த ஒரு குடும்பத்தின் வீடு அன்றைய நாமக்கல்லில் எப்படி இருந்தது, ஓவியம் வரைய வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சமையல் எங்கே நடந்தது, தண்ணீர் எங்கே இருந்தது என்பவற்றைக் காட்டினால், அவருடைய கவிதைகளைப் படித்தவர்க்கும் அவ்வீடு புதிதாக ஒன்றைச் சொல்லும்.

இராஜாஜியைப் பொறுத்தவரை, ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் குடியிருந்த வீடுகளின் வழியாகவே எழுதிவிடலாம். 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் அவர் பிறந்த சிறிய ஓட்டு வீடு இன்று அரசின் நினைவு இல்லம். 1900-இல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, பெரும் வருமானம் ஈட்டி, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தார். பிறகு வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, 1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிக் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராக, காலனிய ஆட்சி இந்நாட்டில் எழுப்பிய வீடுகளிலேயே மிகப் பெரியதான புதுடெல்லி மாளிகையில் வாழ்ந்தார். சமவெளியில் எஞ்சும் காலனிக்காலக் குடியிருப்புகளுள் புதுப்பாளையத்து ஆசிரமம் தனி இடம் பெறத்தக்கது. மழை பொய்த்த மேட்டுக்காட்டு ஊர்களில் பஞ்சைக் கொடுத்து நூலாக வாங்கி, அதை நெசவாளரிடம் சேர்த்துக் கதராக விற்ற அமைப்பு அது. கள்ளும் சாராயமும் சூறையாடிய குடும்பங்களிடையே மதுவிலக்குக்காக உழைத்தது. 1929-இல் விமோசனம் என்ற மதுவிலக்கு இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அதன் ஆசிரியப் பணியில் துணைநின்ற கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அப்போது ஆசிரமவாசியாகவே இருந்தார். 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தின் பிரதமராகியிருந்த இராஜாஜி நாட்டிலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, அதற்கான சோதனைக் களமாக முன்பே இருந்தது இந்த ஆசிரமம்தான்.

ஆசிரமத்தின் கட்டடங்கள் கட்டடக் கலை நூல்களில் இடம்பெறக் கூடியவை அல்ல. வேண்டுமென்றே எளிமையாகக் கட்டப்பட்டவை அவை. ஆங்கிலேய அதிகாரத்தின் பங்களாவுக்கு மறுப்பாக, அருகிலுள்ள உழவனின் வீட்டுக்கு நெருங்கியதாக நினைக்கப்பட்டவை. எனவே அவற்றைப் பளிங்குத் தரையும் வண்ண விளக்கும் போட்டு அழகுபடுத்துவது அவற்றின் கருத்தையே அழிப்பதாகும். ஒரு நூற்றாண்டைக் கடந்தும் அங்கே கதர் வேலை தொடர்வதுதான் அவ்விடத்துக்கு வாய்த்த மிகச் சிறந்த காப்பு. இராட்டை சுழலாத ஆசிரமத்தில் இராட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க நேரும். சுழலும் ஆசிரமத்தில் அதற்குத் தேவை எழாது. ஈரோட்டில் பெரியாரின் குடும்ப வீட்டை ஒட்டி அமைந்த பெரியார், அண்ணா நினைவகத்தையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்கலாம். 1925-இல் குடி அரசு இதழைத் தொடங்கிய பெரியாரும், 1930-களில் அவரோடு இதழ்ப் பணி செய்ய வந்து தங்கிய அண்ணாவும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தது தமிழக அரசியலின் பெரும் நிகழ்வு. ஆனால் அச்சுக்கூடம், மண்டி, உறவினர், தொண்டர், விருந்தினர் என்று ஓயாது மனிதர் வந்துபோன ஒரு வணிகக் குடும்பத்தின் வீட்டுக்குள் அந்த இயக்கம் எப்படி இடம் பிடித்தது என்பதை இரண்டு தலைவர்களின் படங்கள் மட்டும் சொல்லிவிட முடியாது.

ஒரு வீட்டுக்குப் பல பிறவிகள் உண்டு என்பதற்குத் தமிழகத்தில் இருக்கும் மிகத் தெளிவான சான்று சென்னைக் கடற்கரையில் உள்ள விவேகானந்தர் இல்லம். பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதக் கடற்பயணமாக இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் ஏற்றிய சுமார் 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. அப்பனிக்கட்டியைச் சென்னையில் இருப்பு வைக்க 1842-இல் எழுந்தது இக்கட்டடம். வெப்பம் புகாதிருக்கத் தடித்த சுவரும், வளைந்த முகப்பும் கொண்டது. இந்தியாவிலேயே நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும், 1880 அளவில் இவ்வணிகம் மடிந்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, சன்னல்களும் தாழ்வாரங்களும் சேர்த்துக் குடியிருப்பாக மாற்றி, தம் நண்பரான நீதிபதி கெர்னனின் பெயரைச் சூட்டினார். 1897 பிப்ரவரியில் மேலைநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அதே ஆண்டு சுவாமி இராமகிருஷ்ணானந்தர் வந்து மடத்தை இங்கே நடத்தலானார். ஐயங்கார் இறந்தபின் வீடு 1906-இல் ஏலம் போயிற்று. பின்னர் சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்காக நடத்திய விடுதி இங்கே இயங்கியது. அதன்பிறகு ஆசிரியப் பயிற்சி மாணவியர் தங்கினர். 1963-இல், விவேகானந்தர் நூற்றாண்டில், அரசு இதற்கு இப்போதைய பெயரைச் சூட்டியது. 1997-இல் இராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விட்டது.

ஒன்பது நாள் தங்கல் நூற்றெண்பது ஆண்டைக் கடந்த வரலாற்றின் பெயரானது எப்படி என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. அந்த ஒன்பது நாளின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் மொட்டையடித்து வீட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண் குழந்தைகள், கடல் தெரியும் அந்தக் கட்டடத்தில் எழுத்துக் கற்று ஆசிரியைகளாக வெளியேறிய கதை அதைவிடச் சிறியதன்று. சுப்புலட்சுமியே குழந்தையில் கைம்பெண்ணாகி, 1911-இல் பட்டம் பெற்றவர். அவருடைய மாணவியர் துணி உலர்த்திய தாழ்வாரம், படித்த கூடம், கடற்கரையில் நடக்கச் சென்ற வாசல் ஆகியவை அடையாளம் காட்டப்பட்டால் விவேகானந்தரின் நினைவு குறைந்துவிடாது. பெண் கல்விக்காகப் பேசிய அவருக்கு அது பொருத்தமாகவும் அமையும். பனிக்கட்டியின் நினைவை மட்டும் எந்த அரசாணையும் அழிக்க முடியவில்லை: அந்தப் பகுதியும் அங்குள்ள காவல் நிலையமும் மக்கள் வாயில் இன்றுவரை ஐஸ் ஹவுஸ்தான்.

பெயரைச் சாராமல் தெருவையே காக்கும் முயற்சி புதுச்சேரியில் நடந்திருக்கிறது. அங்கே பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது இருமொழி அறிந்து வணிகத்தையும் அரசியலையும் இணைத்த இடைத்தரகராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் 1738-ஆம் ஆண்டு மாளிகை, தமிழ் மரத்தூண் முற்றமும் பிரெஞ்சு முறைச் சுண்ணத் தூண் மேல்மாடியும் ஒரே வீட்டில் கலந்ததைக் காட்டுகிறது. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு வைசியாள் வீதியில் வரிசையாக வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டபோது, அவற்றில் யார் வாழ்ந்தார் என்று எவரும் கேட்கவில்லை. திண்ணையும் தூணும் தொடர்ந்து ஒரே வரிசையாக நிற்கும் அழகே காரணமாயிற்று. உரிமையாளர்கள் அங்கேயே குடியிருந்தனர். காப்புக்குப் பெயர்பெற்றவர் தேவையில்லை, அக்கம்பக்கத்தார் போதும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. அதே நகரில், 1870-களைச் சேர்ந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, பராமரிப்பின்றி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பின்னர் பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தோற்றம் மீண்டது, பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் மீளவில்லை.

பொருள் பற்றிய அறிவு இல்லாமல் செய்யப்படும் பழுதுபார்ப்பு புறக்கணிப்பைவிடக் கேடானது என்பதைக் காப்புக் கலை அறிந்தோர் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றனர். காலனிக்காலச் சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்துப் புளிக்கவிட்டுப் பூசுவார்கள். ஜேடர்பாளையம் வட்டாரத்துக் கரும்பாலை வெல்லம் நாவுக்கு இனிப்பானதோடு சுவருக்கும் பிடிமானமானது. இத்தகைய சுவர் மழையில் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, செங்கல்லை உப்பாகப் பொரியச் செய்யும். ஐந்தாண்டில் பூச்சு தட்டையாகக் கழன்று விழும், கூடவே சுவரின் தோலும் போகும். மெட்ராஸ் தளம் எனப்படும் கூரையும் அவ்வாறே. தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களை நிறுத்துவாக்கில் குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாட்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது அம்முறை. தளம் தட்டிய பெண்கள் தாளத்துக்குப் பாட்டும் பாடினார்கள் என்பதைப் பழைய கொத்தர்கள் நினைவுகூர்வதுண்டு. அந்த வேலை தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலரே. நினைவு இல்லங்களின் ஒப்பந்தப் புள்ளிகளிலோ சிமெண்டு, டைல்ஸ், எமல்ஷன் ஆகியவற்றுக்கு விலைப்பட்டியல் எளிதாக அமைகிறது. சுண்ணாம்பு ஊறும் நாளுக்கு விலை போட அட்டவணையில் இடம் தேட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியபோது வலியுறுத்தியது, பெரிய புதுப்பிப்பைத் தவிர்த்து நாள்தோறும் சிறு பழுதைக் கவனிப்பதையே. உடைந்த ஓட்டை அன்றே மாற்றிய கொங்கு உழவனுக்கு இது புதிய அறிவு அன்று.

உலகில் வீட்டை அருங்காட்சியகமாக்கும் வழக்கம் பெயரிலிருந்தே தொடங்கியது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டைப் பெண்கள் சங்கம் ஒன்று 1858-இல் விலைக்கு வாங்கியதே அதன் பெரும் முன்னோடி. அங்கு நெடுங்காலம் வாஷிங்டன் மட்டுமே பேசப்பட்டார். அவ்வீட்டை நடத்திய அடிமைகள் பேசப்படவில்லை. 2014-இல் லூசியானாவில் திறக்கப்பட்ட விட்னி தோட்ட வீடு, அதே வகை மாளிகையை அடிமைகளின் பக்கத்திலிருந்து காட்டி, ஒரு வீட்டின் வரலாறு முன்வாசலிலிருந்து மட்டும் எழுதப்பட வேண்டியதில்லை என்பதை நிறுவியது. தமிழகத்து வீடுகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். தொட்டிக்கட்டு வீட்டில் யார் ஆசாரம் வரை வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும், யார் பொடக்காலி வழியாக மட்டும் புழங்கலாம் என்ற விதிகள் சுவரிலேயே கட்டப்பட்டிருந்தன. சேர்வராயன் மலைத் தோட்ட வீட்டின் அழகு, காப்பிப் பழம் பறித்த கூலிகளின் குடியிருப்பு வரிசையோடு சேர்த்துப் பார்க்கப்படாவிட்டால் பாதிதான் உண்மை. புதுப்பாளையத்து ஆசிரமத்தில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக உண்டதும் ஒரே கிணற்றில் நீர் மொண்டதும் அக்காலச் சமவெளியில் எவ்வளவு பெரிய செயல் என்பது, பக்கத்து ஊரின் தொட்டிக்கட்டு வீட்டு வாசலைப் பார்த்தவர்க்கே முழுமையாக விளங்கும். அதனாலேயே ஆசிரமத்தோடு அந்த வீடுகளும் நிற்க வேண்டியிருக்கிறது. ஒன்று இன்றி மற்றதன் பொருள் தெரியாது.

அவை நிற்பதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் பகையோ அலட்சியமோ அன்று. மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பங்கு கேட்கும் வீட்டில் முற்றத்தின் நடுவே சுவர் எழும்புகிறது. இருட்டடைந்த பாதி வாடகைக்குப் போகிறது. கடைசியில் ஒருவர் பங்கை விற்கிறார். கதவு, தூண், உத்தரம் ஆகியவற்றுக்குப் பழம்பொருள் வணிகரிடம் கிடைக்கும் விலை, வீடாக நிற்கும்போது அதற்குக் கிடைக்கும் விலையைவிட மிகுதியாக இருப்பது இந்தக் கணக்கை முடித்துவைக்கிறது. உரிமையாளர்க்கு வரிச் சலுகையோ, பழுதுபார்ப்புக்குக் கடனுதவியோ, வாங்குவோர்க்கு வழிகாட்டலோ இன்றிக் காக்கச் சொல்வது முறையாகாது. வீட்டைக் காப்பாற்ற இயலாத இடத்தில் அதன் வரைபடத்தையாவது, ஒவ்வொரு அறையின் அளவையும் பயனையுமாவது, மூத்த பெண்களின் வாய்மொழியையாவது பதிவுசெய்துவிடலாம். அருகிலுள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்க்கும் கட்டடப் பொறியியல் மாணவர்க்கும் ஒரு பருவத்துக்கு உரிய வேலை அது. இதற்குச் செலவும் மிகுதியாக ஆகாது.

வாய்க்கால் கரை ஊர்களில் பெயரும் வீடும் கொண்டிருக்கும் உறவு, அரசின் நினைவு இல்லங்களில் உள்ளதற்கு நேர்மாறானது. அங்கே மனிதரின் பெயர் வீட்டுக்குச் சூட்டப்படுகிறது. இங்கே வீட்டின் பெயரால் மனிதர் அறியப்படுகின்றனர். மச்சு வீட்டுக்காரர், தொட்டிக்கட்டு வீட்டார், பங்களாக்காரர் என்று குடும்பங்கள் அழைக்கப்படும். திருமணப் பேச்சில் ஊர்ப் பெயருக்கு அடுத்து அந்த அடைமொழியே கேட்கப்படும். மச்சு இறக்கப்பட்டுக் கான்கிரீட் தளம் போடப்பட்டு முப்பது ஆண்டு ஆன வீட்டிலும், மச்சையே கண்டிராத பேரக் குழந்தைகள் மச்சு வீட்டுப் பிள்ளைகளாகவே பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.